எஃப் வந்தால் தலை கோதுகிறவன்

செல்லப்பனுக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஏழே எழுத்து. ஏ-யிலிருந்து ஜி வரைக்கும். கித்தாருக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை என்பதால் அவனும் அதற்கு மேல் போகவில்லை. அந்த ஏழிலும் எஃப் என்ற எழுத்தோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

பகலெல்லாம் ரெட்டிபாளையத்தில் சிமெண்டு மூட்டை ஏற்றுகிற வேலை. லாரி வந்து நிற்கும், பலகை போடுவார்கள், மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டியதுதான். வேலை முடிந்து குளத்தில் முங்கி எழுந்தாலும் காதுமடலில் கொஞ்சம் சிமெண்டு மிச்சம் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, அம்மன் திருவிழா என்று வந்துவிட்டால் அதே ஆள் பூப்போட்ட சட்டையும் பெல்பாட்டமுமாக மேடையில் நிற்பான். பெரம்பலூரில் மைக் செட் கடை வைத்திருக்கும் வைத்திலிங்கத்தின் இன்னிசைக் குழுவில் அவன்தான் கித்தார். வைத்திலிங்கம் ஆர்மோனியம்.

கித்தாரில் பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும்போது எழுகிற கூட்டுச் சத்தத்துக்குக் கார்டு என்று பேர். மற்ற கார்டுக்கெல்லாம் இரண்டு மூன்று விரல் வைத்தால் போதும், மீதிக் கம்பி தானாகப் பேசும். எஃப் அப்படி இல்லை. ஆட்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்திக்கொண்டு, மிச்ச மூன்று விரலையும் ஆளுக்கொரு இடத்தில் ஊன்ற வேண்டும். செல்லப்பன் அழுத்தினால் காலி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டின மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பி-யும் அதே தகராறுதான், ஆனால் அது எப்போதாவது வரும் விருந்தாளி. எஃப் வராத பாட்டே கிடையாது.

அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். எஃப் நெருங்கினால் இடது கையைக் கித்தாரிலிருந்து எடுத்து, நெற்றியில் விழும் முடியை மெதுவாகப் பின்னால் கோதிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். அதற்குள் எஃப் போய்விடும். அடுத்த கார்டுக்குக் கை வந்து சேர்ந்துவிடும். நடுவில் விழுந்த ஓட்டையை ஆர்மோனியமும் தபேலாவும் மூடிவிடும்.

சனம் அதை ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டது. உடையார்பாளையம் பக்கம் ஒரு திருவிழாவில் அவன் கோதியபோது இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். அடுத்த ஊரில் அவன் கோதும்போது அவர்களும் கூடவே கோதினார்கள். எஃப் அதிகம் வரும் பாட்டுக்குக் கைதட்டலும் அதிகம். செல்லப்பன் வாசனை எண்ணெய் வாங்க ஆரம்பித்தான்.

விஷயம் தெரிந்தவர் வைத்திலிங்கம் ஒருவர். தானாகக் கண்டுபிடித்தவள் அவன் பெண்டாட்டி அம்சவள்ளி.

"மாமா, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது," என்றாள் ஒருநாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "நீ தலையைக் கோதுறப்பல்லாம் கித்தார் சத்தத்தைக் காணமே, அது எங்க போவுது?"

"அது ஸ்டைலு புள்ள."

"ஸ்டைலா? எனக்கென்னமோ கடன்காரனைப் பாத்துட்டு சந்துல திரும்புற மாதிரி இருந்துச்சு."

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பான். குழுவில் பாடிக்கொண்டிருந்த லீலாவதி கல்யாணமாகி நெய்வேலிக்குப் போய், அவள் இடத்துக்குக் கமலவேணி வந்ததில் வந்தது வினை. லீலாவதியின் குரல் சி-யில் உட்காரும். கமலவேணியின் குரல் சி-க்கும் டி-க்கும் நடுவில் இருந்தது. ஆர்மோனியத்தில் அது ஒரு கறுப்புக் கட்டை. வைத்திலிங்கம் விரலை நகர்த்தினார், அவர் வேலை முடிந்தது. கித்தாரிலோ அந்தச் சுதிக்குப் போனதும் எல்லாக் கார்டும் எஃப்-க்குச் சொந்தக்காரர்களாகிவிட்டன. எதை எடுத்தாலும் ஆட்காட்டி விரலைப் படுக்க வை என்றது.

மைக் செட் கடையில் முதல் ஒத்திகை. செல்லப்பன் பல்லவிக்குக் கோதினான். அனுபல்லவிக்குக் கோதினான். சரணத்துக்குப் போவதற்குள் கமலவேணி பாட்டை நிறுத்திவிட்டாள்.

"செல்லப்பண்ணே, தலையில பேனா?"

தபேலாக்காரர் தபேலா மேலேயே விழுந்து சிரித்தார். செல்லப்பன் மறுநாள் ஒரு மூங்கில் பத்தையைச் சீவி, கித்தார் கழுத்தில் குறுக்கே வைத்து, சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தான். விரலுக்குப் பதில் மூங்கில் அழுத்தட்டும் என்று நினைப்பு. கொஞ்ச நேரம் வண்டு பறக்கிற மாதிரி அதிர்ந்தது. பிறகு டியூப் அறுந்து, மூங்கில் பறந்து போய் வைத்திலிங்கத்தின் டீயில் விழுந்தது.

அவர் டீயையும் பார்த்தார், செல்லப்பனையும் பார்த்தார். "இத பாரு செல்லப்பா. சித்திரைக் கடைசியில விக்கிரமங்கலத்துல மாரியம்மன் திருவிழா, ஒத்துக்கிட்டேன். அதுக்குள்ள உனக்குக் கைக்கு வந்துட்டா நீதான். வராட்டி உறையூர்ல ஒரு ஆளு இருக்காரு, சொல்லி வச்சிட்டேன். அவரு வந்துட்டார்னா அப்புறம் அவருதான். மனசுல வச்சுக்காத."

விக்கிரமங்கலம் என்றதும் செல்லப்பன் அறுந்த டியூப்பைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டான். அம்சவள்ளி பிறந்த ஊர். அங்கே அவள் அண்ணன் பூமாலை இருக்கிறான். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கே, "சிமிட்டி மூட்டை தூக்குற கைக்கு கித்தாரா? மாப்ளே, மூட்டைக்குத் தாலாட்டுப் பாடுறீங்களா?" என்று கேட்டவன். இன்றுவரை அந்த ஊரில் செல்லப்பன் வாசித்ததில்லை. அம்சவள்ளியோ ஒவ்வொரு பொங்கலுக்கும் போய், தன் புருஷன் தலையைக் கோதினால் ஊரே விசிலடிக்கும் என்று தண்ணீர்க் குழாயடி வரை சொல்லி வைத்திருந்தாள். அந்த மேடையில் வேறொருவன் கித்தாரோடு நின்றால், இனி மாமியார் வீட்டுப் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்க முடியுமா?

ரெட்டிபாளையத்தில் லாரிகள் லோடுக்குக் காத்துக் கிடக்கும். சில லாரிக்கு முறை வர நாள் கணக்காகும். அப்படி வேப்பமரத்தடியில் நின்ற ஒரு தூத்துக்குடி லாரியிலிருந்து ஒருநாள் சோற்று வேளையில் கித்தார் சத்தம் கேட்டது. செல்லப்பன் தூக்குவாளியை அப்படியே வைத்துவிட்டுப் போய் நின்றான். டிரைவர் சவரிமுத்து, செல்லப்பன் வயசுதான் இருக்கும், கால்மேல் கால் போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவராம்.

"என்னவே, வாயில ஈ போவுது. உமக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும்ணே. எஃப்பு மட்டும் வராது."

"அப்பம் தெரியாதுன்னு சொல்லும்."

செல்லப்பன் சிரிக்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு, சவரிமுத்து நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். "எஃப்ப தனி கார்டுன்னு நெனைச்சீருன்னா வராது. இ கார்டு தெரியும்லா? அது கித்தாரு தலைப்பக்கம் கெடக்கு. அங்க கம்பியத் தாங்குறதுக்கு எலும்புல ஒரு கட்டை இருக்கு, பாத்தீரா? இனிமே உம்ம ஆட்காட்டி வெரலுதான் அந்தக் கட்டை. மிச்ச மூணு வெரலால இ-ய பிடியும். பிடிச்சீரா? அப்படியே மொத்தமா, கழுத்துல கோடு போட்டிருக்குல்லா, அதுல ஒரு கட்டம் நகத்தும். அதான் எஃப்பு."

"இவ்வளவுதானா?"

"இன்னும் ரெண்டு கட்டம் தள்ளும். ஜி. இன்னும் ரெண்டு, ஏ. பிடி மாறல, எடம் மட்டும் மாறுது. நடுவெரலைத் தூக்கினா சோகமா வரும், அதான் மைனர். ஏ கார்டு பிடிக்கிற பிடியையும் இதே மாதிரி நகத்தலாம். இந்த ரெண்டு பிடி கைவசம் இருந்தா எந்தச் சுதிக்கும் போயிட்டு வரலாம்வே, டிக்கெட்டே வேண்டாம்."

இத்தனை காலமும் செல்லப்பன் பூதம் என்று நினைத்து ஓடினான். பார்த்தால் அது தெரிந்த இ கார்டு, ஒரு வீடு தள்ளிக் குடிபோயிருந்தது, அவ்வளவுதான்.

புரிந்துவிட்டதே தவிர, அழுத்தினால் பழைய 'டொக்' தான் வந்தது. சவரிமுத்து அவன் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சாக்கின் காதைப் பிடித்துத் தூக்கித் தூக்கி விரல் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. உள்பக்கம் முழுக்கக் காய்ப்பு, மேடும் பள்ளமுமாக. பள்ளத்தில் விழுந்த கம்பி எப்படிப் பேசும்?

"பிடியத்தான் நான் சொல்லலாம். இந்த வெரலுக்கு என்ன வழின்னு நீருதான் பாக்கணும்," என்றார். அவர் லாரிக்கு முறை வந்துவிட்டது. அந்த லோடைச் செல்லப்பனே ஏற்றினான்.

வீட்டுக்கு வந்து பிடியை நகர்த்திக் காட்டியபோது அம்சவள்ளிக்கு உடனே புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் சூளையில் கல் அறுத்தவள்.

"செங்கல் அச்சு மாதிரி. அச்சு ஒண்ணுதான், தூக்கித் தூக்கி வேற எடத்துல வச்சா வேற வேற கல்லு. ஆனா மாமா, உன் கல்லெல்லாம் மூளியா வருதே."

அன்றிலிருந்து அவள்தான் கணக்கு. வேலைக்குப் போகுமுன் அவன் ஒவ்வொரு கம்பியாக மீட்டிக் காட்டுவான். அவள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே, "இது உசுரோட இருக்கு. இதுவும் இருக்கு. இது செத்துருச்சு. இதுவும் செத்துருச்சு," என்பாள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோழிக்கு ஏதும் சீக்கா என்று விசாரித்தாள்.

செல்லப்பன் கண்டதையெல்லாம் அழுத்திப் பழகினான். மண்வெட்டிக் காம்பு, பஸ் கம்பி, தூக்குவாளிப் பிடி. ஒத்திகைக்குப் பெரம்பலூர் போகும் பஸ்ஸில் ஒருநாள் யோசனையாக, பக்கத்தில் நின்றதைப் பிடித்து எஃப் வைத்து, ஜி வைத்து, ஏ வரைக்கும் போய்விட்டான்.

"ஏங்க," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மாள். "கரும்பை இந்தத் தடவு தடவுறீங்களே, வாங்குறீங்களா இல்லையா?"

வாங்கிக்கொண்டு போனான். குழு முழுக்க ஆளுக்கொரு துண்டு கடித்தார்கள். ஏன் வாங்கினான் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

விரலோ மசியவில்லை. கட்டைவிரலால் பின்னாலிருந்து நெறித்துப் பார்த்தான், மணிக்கட்டு வரை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் மூட்டையையே இடது கையில் பிடிக்க முடியவில்லை. விட்டுவிடலாம், உறையூர்க்காரரே வரட்டும் என்று மனசு தளர்ந்திருந்த ஒரு நாளில், புதிதாக வேலைக்கு வந்த அமாவாசை என்பவன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டான். மேஸ்திரி வீரமுத்து கத்தினார்.

"கையால பிடிச்சா எத்தினி மூட்டைடா தூக்குவ? கை சும்மா காவலுக்கு. ஒடம்பைச் சாச்சு வாங்கு! நெஞ்சைக் காட்டாத, விலாவைக் காட்டு!"

செல்லப்பன் பலகையின் பாதியில் மூட்டையோடு நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் திட்டினான். மூட்டையை லாரியில் போட்டுவிட்டுத் தன் ஆட்காட்டி விரலைப் பார்த்தான். உள்பக்கம்தான் மேடு பள்ளம். விலாப்பக்கம்? கட்டைவிரலைப் பார்த்த பக்கம், காய்ப்பில்லாமல், நேராக, எலும்பு மாதிரி கெட்டியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவவில்லை. விரலை மல்லாக்கப் படுக்க வைக்காமல், நெருக்கடியான இடத்தில் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற மாதிரி, பக்கவாட்டில் சாய்த்து வைத்தான். கட்டைவிரலால் நெறிக்கவில்லை. முழங்கையைத் தளர விட்டு, கையின் கனத்தாலேயே பின்னுக்கு இழுத்தான். ஒவ்வொரு கம்பியாக மீட்டினான்.

அம்சவள்ளி அம்மிக்கல்லில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் கம்பிக்கு முன்னால் ஒன்று மட்டும் முனகியது.

"ஒண்ணுதான் மாமா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. அதுவும் பொழைச்சுக்கும்."

கடைசி ஒத்திகையில் வைத்திலிங்கம் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கித்தாரை மட்டும் கேட்டார். "ம்ம்," என்றார். "நீயே நில்லு. ஆனா உறையூர் ஆளுக்குச் சொன்னது சொன்னதுதான், அவரும் வந்து மேடைக்குப் பின்னால இருப்பாரு. ரெண்டு பாட்டு பாப்பேன். சனம் மொகம் சுளிச்சா மூணாவதுக்கு அவரை ஏத்திருவேன். அவ்வளவுதான்."

விக்கிரமங்கலத்தில் கோயிலுக்கு எதிரே களத்தில் மேடை. வெயில் இறங்கியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்வரிசையில் பூமாலை, வேட்டியை மடித்துக்கட்டி, தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் தலையிலும் எண்ணெய் வழிந்தது. நெற்றியில் ஒரு கற்றை முடியை இழுத்து விட்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அம்சவள்ளி.

"மாப்ளே, ரெடியா? நாங்க ரெடி!" என்று கத்தினான் பூமாலை.

முதல் பாட்டு அம்மன் பாட்டு. அந்த இடம் வந்தது. சுதி மாறிவிட்டதால் அது இப்போது எஃப் கூட இல்லை, ஆனாலும் பாட்டில் அதே இடம். செல்லப்பன் விரலை ஒருக்களித்தான், கையின் கனத்தை விட்டான், மீட்டினான். ஆறும் பேசின. பெருமையாகக் கூட்டத்தைப் பார்த்தான்.

முன்வரிசையில் நெற்றி வரை போன கைகள் அப்படியே நின்றன.

"என்னாடா, கோதல?"

"அடுத்த தடவை கோதுவாரு, இருடா."

அடுத்த தடவையும் கோதவில்லை. எப்படிக் கோதுவான், இடது கைதான் கட்டுண்டு கிடக்கிறதே. இரண்டாம் பாட்டில் முணுமுணுப்பு கூச்சலாகிவிட்டது.

"இவரு அவரு இல்லடா! உடையார்பாளையத்துல நான் பாத்த ஆளு வேற!"

"திருச்சியிலேருந்து எவனையோ கூட்டியாந்து ஏமாத்துறானுவ!"

பூமாலை எழுந்தே நின்றுவிட்டான். "அட இவருதான்யா எங்க மாப்ள! மாப்ளே, ஊரு சிரிக்குது, ஒரே ஒரு தடவை கோதிவிடுங்க!"

வைத்திலிங்கம் ஆர்மோனியத்தின் மேல் சாய்ந்து பல்லைக் கடித்தார். "ஒழுங்கா வாசிச்சா திட்டுறானுவளே! கோதித் தொலையேன்."

"கையை எடுத்தா கார்டு செத்துரும்ணே."

"சாவட்டும்!"

"மாட்டேண்ணே." இத்தனை பாடுபட்டு உசுர் கொடுத்ததை இவர்களுக்காகவா கொல்வது? மேடைக்குப் பின்னால் உறையூர்க்காரர் கித்தார் உறையின் கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. இந்தப் பாட்டு முடிந்தால் அடுத்ததுக்கு அவர்தான். அதற்குள் சனத்தைச் சமாதானம் செய்தாக வேண்டும், கம்பியும் சாகக் கூடாது.

வைத்திலிங்கம் உறையூர்க்காரருக்குச் சாடை காட்டக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் கோயில் பக்கம் நாதசுரம் கிளம்பியது. கூச்சலை அடக்க வேண்டும் என்று கமலவேணி யாருக்கும் காத்திராமல் அடுத்த பாட்டை எடுத்துவிட்டாள். நாதசுரம் காதில் ஏறியதில், ஒத்திகை பார்த்த சுதியைவிட அரைச் சுதி மேலே எடுத்துவிட்டாள். வைத்திலிங்கம் பதறி அடுத்த கட்டைக்குத் தாவினார். தாவிக்கொண்டே கித்தார் பக்கம் பயந்து திரும்பினார்.

செல்லப்பன் எதையும் அவிழ்க்கவில்லை, கட்டவில்லை. பிடித்த பிடியோடு கையை ஒரு கட்டம் மேலே தள்ளினான். அவ்வளவுதான். செங்கல் அச்சு அடுத்த இடத்தில் உட்கார்ந்தது. கமலவேணி திரும்பிப் பார்த்துப் பாடிக்கொண்டே சிரித்தாள்.

அந்த இடம் நெருங்கியது. முன்வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் அம்சவள்ளி தன் முந்தானையைச் சரி செய்கிறவள் போல வலது கையைத் தூக்கி, முன்நெற்றி மயிரைப் பின்னால் தள்ளினாள். வலது கையை.

செல்லப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. கார்டைப் பிடித்திருப்பது இடது கை. வலது கைக்கு மீட்டுகிற வேலை மட்டும்தான். மீட்டிவிட்டால் சத்தம் கொஞ்ச நேரம் தானே நிற்கும்!

ஓங்கி ஒரே மீட்டு. இடது கை அசையவில்லை. ஆறு கம்பியும் களம் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்க, அவன் வலது கையைத் தூக்கி, நெற்றியில் விழுந்த முடியை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் கோதிவிட்டு, மச்சானைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான்.

விக்கிரமங்கலத்தில் அப்படி ஒரு விசில் அதற்கு முன்னால் கேட்டதில்லை. முன்வரிசை மொத்தமும் சேர்ந்து கோதியது. நாதசுரக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டு என்ன கலவரம் என்று எட்டிப் பார்த்தார்கள். உறையூர்க்காரர் கொஞ்ச நேரம் செல்லப்பனின் இடது கையையே பார்த்திருந்துவிட்டு, உறையின் கயிற்றைத் திரும்பக் கட்டி வைத்து, கோயில் பொங்கல் கொடுக்கிற பக்கமாக நடந்தார்.

கச்சேரி முடிந்ததும் பூமாலை ஒரு சோடாவை உடைத்து நீட்டினான். "மாப்ளே, அவ சொன்னப்ப நான் நம்பல. ஆனா ஒரு சந்தேகம். உடையார்பாளையத்துல நீங்க இடது கையாலதானே கோதுனீங்களாம்?"

"அது பழசு மச்சான். இது புதுசு."

வைத்திலிங்கம் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார். "அடுத்த வாரம் கீழப்பழுவூர்ல ஒரு கல்யாணம். வந்துடு. எண்ணெயை மட்டும் கொறைச்சுத் தடவிக்கிட்டு வா. கம்பியெல்லாம் வழுக்குது பாரு."

கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்லப்பன் களத்தை விட்டு இறங்கினான். அம்சவள்ளி குழாயடிப் பெண்களுக்கு நடுவில் நின்று, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் விலகி வந்து பக்கத்தில் நடந்தாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எப்படி புள்ள இருந்துச்சு?"

அவள் ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினாள். ஒரு கை போதவில்லை, மறு கையிலும் ஒன்றை மடக்க வேண்டியிருந்தது.

"ஆறும் உசுரோட இருந்துச்சு, மாமா."